புது செல்

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், கடையிலிருந்து வந்ததும் சூடாக்கிச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

போன வாரம், "கர்ப்பப்பை வாயில செல் மாறியிருக்காம்"னு சொன்னேன். "புது செல் போட்டா சரியாயிடாதா?"ன்னு கேட்டீங்க. கடிகாரக்காரர் புத்தி! கோபமாகக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே சிரித்தேன்.

இது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பலருக்குத் தானாகவே சரியாகிவிடுமாம். இன்று லென்ஸ் வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். மோசமாக மாறியிருந்தால்தான் அந்த இடத்தை நீக்குவார்கள்.

அன்றிலிருந்து ஹாலில் படுக்கிறீர்கள். தொட்டால் எனக்கு வலிக்கும் என்று யார் சொன்னது? சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் குறட்டையைக் கேட்டபடி விழித்துக் கிடக்கிறேன்.

பி.கு.: செல்லை டாக்டர் பார்த்துக்கொள்வார். உங்கள் தலையணையை நான் கட்டிலுக்கே மாற்றிவிட்டேன்.