வெள்ளை ஓக் வளர்க்கும் மாப்பிள்ளை

மெல்பேர்ன்
22.5.1976

அன்பு மகள் பவளத்துக்கு,

இங்கே நானும் உன் அண்ணன் சிறிதரனும் மருமகளும் சுகம். குளிர் ஒன்றுதான் என்னோடு சண்டைக்கு நிற்கிறது, அதையும் இரண்டு சுவெட்டரால் அடக்கி வைத்திருக்கிறேன். நீயும் கொம்மாவும் நல்லூரான் பார்வையில் குறையில்லாமல் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை ஆனந்தராஜாவைப் பற்றிப் பூசி மெழுகாமல் எழுதுங்கோ பெரியப்பு, ஆவணிக்குள் அம்மாவுக்கு நான் முடிவு சொல்லவேணும் என்று கேட்டிருந்தாய். என் தம்பி இல்லாத இடத்தில் நான் நிற்கிறேன், ஆளைப் பார்க்காமல் பிள்ளையைக் கொடுக்க விடுவேனா. சிறிதரன், டெலிபோனில் சொல்லிப்போட்டுப் போங்கோ அப்பா, அதுதான் இஞ்சத்தை மரியாதை என்றான். சொல்லிவிட்டுப் போனால் எந்த மாப்பிள்ளையும் தலைவாரி, திருநீறு பூசிக்கொண்டுதான் நிற்பான். அதனால் யாருக்கும் சொல்லாமல், சிறிதரனின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, போன சனிக்கிழமை ரயிலேறி, மாப்பிள்ளையின் பண்ணை இருக்கிற வெரிபீக்குப் போனேன். ஸ்டேசனிலிருந்து பண்ணைக்கு நடைதான். இரண்டு பக்கமும் முட்டைக்கோவாத் தோட்டம். வழியில் ஓர் இத்தாலியன் என்னைப் பெரிய உத்தியோகத்தன் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினான்.

முதல் சந்தேகம் வாசலிலேயே வந்துவிட்டது. தரகர் சொன்னது மரக்கன்றுப் பண்ணையில் ஒபிசர் என்று. இங்கே ஒபிசர் முழங்காலில் இருந்து மண் கிண்டிக்கொண்டிருக்கிறார். நான் பிடிகொடுக்கவில்லை. இலங்கையில் எனக்கு முந்நூறு ஏக்கர் தென்னந்தோட்டம், அதன் ஓரத்துக்கு நல்ல சாதி மரம் தேடி வந்திருக்கிறேன் என்றேன். முப்பது தென்னை என்பது உனக்குத் தெரியும், விசாரிக்கப் போகிறவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லவேண்டும். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பி, வாங்கோ ஐயா, உங்கடை வெயிலுக்கு இந்த மரம் சரிவராது, எண்டாலும் பாத்திட்டுப் போங்கோ என்று கூட்டிப்போனான். வந்த ஆளிடம் விற்கப் பார்க்காத வியாபாரி எங்கேயாவது உண்டா. இரண்டாவது சந்தேகம் அது.

அவன் வளர்ப்பது வெள்ளை ஓக் என்று ஒரு மரம், அமெரிக்காப் பக்கத்துச் சாதி. இலையின் ஓரம் கூராக இல்லாமல் விரல் நுனிபோல உருண்டிருக்கும். கொட்டைக்குத் தலையில் தொப்பி. கொட்டைகளை முதலில் வாளித் தண்ணீரில் போடுகிறான். மிதக்கிறது பூச்சி தின்றது, வீசிவிடலாம், தாழ்கிறதுதான் முளைக்கும். விழுந்த கையோடு இந்தக் குளிர்காலத்துக்கு முன்னமே மண்ணுக்குள் வைத்தால் முதலில் வேரைத்தான் கீழே விடுமாம், குருத்து வசந்தத்தில்தானாம். எலியும், பொசம் என்கிற இஞ்சத்தை மரமேறிப் பிராணியும் கிண்டாமல் மேலே கம்பிவலை. பட்டையை அவித்துக் குடித்தால் வயிற்றோட்டம் நிற்கும், வாய் கொப்பளித்தால் தொண்டை நோ போகும், மரத்தை நாராகக் கிழித்து அந்தக் காலத்தில் கூடை பின்னினார்கள், பஞ்சம் வந்தால் கொட்டையை ஊறவைத்துக் கசப்பெடுத்து மாவாக்கினார்கள் என்றெல்லாம் சொன்னான். இதெல்லாம் எனக்கு முந்தியே தெரியும் என்று தலையாட்டினேன். எங்கள் கோட்டையைப் பிடிக்கப் பறங்கி வந்த கப்பலும் ஓக்காகத்தான் இருக்கும் என்று நானும் ஒன்று எடுத்துவிட்டேன். இருக்கலாம் ஐயா என்றானே தவிர மறுத்துப் பேசவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கொட்டிலைத் திறந்தான், பவளம், குப்பென்று சாராய மணம். உள்ளே பாதியாக வெட்டிய பீப்பாக்கள். விஸ்கி வைத்த பழைய பீப்பா ஐயா, கன்று நட வாங்கினது, வெள்ளை ஓக் மரத்திலைதான் பீப்பா செய்யிறது, அது ஒழுகாது என்றான். கேட்டவுடன் நம்ப நான் என்ன புதுசா. வாயை மணந்து பார்க்கவேண்டும், எப்படி? கண்ணில் தூசு விழுந்துவிட்டது, ஊதிவிடு தம்பி என்றேன். ஊதினான். ஏலக்காய் மணம். சாராயம் குடிக்காதவனுக்கு ஏலக்காய் எதற்கு என்று நீயே யோசி. அதற்குப் பிறகு தானாகவே ஒரு சிவப்பு ஓக் குச்சியை எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் ஊதினான், புறுபுறுவென்று குமிழி வந்தது. வெள்ளை ஓக் குச்சியை என்னிடம் தந்து, நீங்கள் ஊதுங்கோ என்றான். நெஞ்சு வெடிக்க ஊதினேன், ஒன்றும் வரவில்லை. உன் பெரியப்புவின் மூச்சுக்கே அசையாத மரம் என்றால் பார்த்துக்கொள். பிறகு தேத்தண்ணி தந்தான். அதிலும் ஏலக்காய். அந்தச் சந்தேகம் அதோடு பாதி குறைந்தது, முழுதும் என்று எழுதமாட்டேன்.

எனக்கு உண்மையான பயம் வேறு. இது எப்போது காய்க்கும் என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேலை செல்லும், பீப்பாவுக்கு வெட்ட எங்கடை காலம் காணாது என்றான். அப்படி ஒரு மரத்தை வரிசை வரிசையாக நடுகிறவன் ஊருக்குத் திரும்பி வரப்போகிறவனா? அஞ்சு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார் என்று தரகர் சொன்ன கதை பச்சைப் பொய், பவளம். இவனுக்குக் கழுத்தை நீட்டினால் நீ இங்கேதான். கொம்மாவை ஆர் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசவேண்டும்.

வெளிக்கிடும்போது படலை வரைக்கும் வந்து ஒரு கொட்டையைக் கையில் வைத்து, போயிட்டு வாங்கோ மாமா என்றான். அவ்வளவு நேரமும் ஐயா, இப்போது மாமா. எப்ப தெரிஞ்சது தம்பி என்றேன். வெரிபீயிலை கோட்டுப் போட்டுக்கொண்டு ஓக் மரம் வாங்க எந்தத் தமிழன் வரப்போறான் மாமா, நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான் என்றான். தெரிந்துகொண்டே கண்ணில் ஊதியிருக்கிறான். கெட்டிக்காரன், கவனமாக இருக்கவேண்டும். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான். பின்னேரத்திலை கதைக்க ஆள் இல்லாத இடம், பவளம் தாங்குவாவோ என்று. தாங்குவாள், ரயிலில் வரும் தூரத்தில் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் மகள், ரயிலில் வரும்போது என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எவ்வளவு துருவியும் அவனில் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை. அது குறை இல்லாததாலோ, அவனைக் கட்டினால் நீ எனக்குக் கிட்ட வருவாய் என்பதாலோ, சத்தியமாகத் தெரியாது. ஆகவே அவன் நல்லவன் என்று நான் எழுதினால் நீ பாதியைத்தான் நம்பவேண்டும். மற்றப் பாதியை அவனிடமே நேராக எழுதிக் கேள், விலாசம் பின்பக்கம் இருக்கிறது. ஊருக்கு வருவாரா மாட்டாரா, கொம்மாவைக் கூப்பிடச் சம்மதமா என்று கேள். பொம்பிளைப்பிள்ளை கேட்கலாமா என்று யாராவது சொன்னால் பெரியப்பு சொன்னவர் என்று சொல்.

நல்லூர்க் கந்தன் உன் கூடவே நிற்பான். இரவில் படித்துக் கண்ணைக் கெடுக்காதே. கொம்மாவுக்கு விஸ்கிப் பீப்பாவைப் பற்றி வாய் திறக்காதே, மிச்சத்தைச் சொல்லலாம்.

இப்படிக்கு,
உன்னில் என்றும் பட்சமுள்ள பெரியப்பு,
க. கதிர்காமநாதன்

பி.கு. அவன் தந்த கொட்டையை வீட்டுக்கு வந்து, அவனுக்குத் தெரியாமல், வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். தாழ்ந்துவிட்டது. பின்வளவில் நட்டு, சிறிதரனின் இறைச்சி வாட்டுகிற கம்பிவலையை மேலே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.