உங்கள் மகன் நான்காம் மாடியிலிருந்து இறங்கிய விதம்

என்றும் என் அன்புக்குரிய மாமிக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் லிஃப்ட் தேவைப்படாது என்று நினைக்கிறேன். இங்கே கொட்டாஞ்சேனையில் தேவைப்படுகிறது. ஆகவே செய்தியை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கண்மூடிய மறு வருடம் நமது கட்டிடத்தின் லிஃப்ட் நின்றுபோனது. ஏதோ ஒரு பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். நாடு இருந்த நிலையில் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய எல்லாமே ஒரு வரிசையில் நின்றன. நமது பாகம் அந்த வரிசையின் வாலில் நின்றது. நிர்வாகக் குழு கூட்டம் போட்டது. "பார்ட் வந்துகொண்டிருக்கு மிஸிஸ் ரஞ்சன். நாங்கள் ஒண்டும் சும்மா இருக்கேல்லை" என்று செயலாளர் சொன்னார். அவர் முதலாம் மாடியில் இருப்பவர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாங்கள் படியேறினோம். அதற்கு உடற்பயிற்சி என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

பிறகு ஒரு காலையில், சவரம் செய்துகொண்டிருந்த உங்கள் மகன் பாதி முகத்தில் நுரையோடு கீழே விழுந்தார். பாரிசவாதம். வலக்கை போனது, வலக்கால் போனது, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சில கிழமைகளின் பின் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டுவிட்டுப் போனார்கள்.

டொக்டர் தெளிவாகவே சொன்னார். முதல் சில மாதங்கள்தான் முக்கியம். ஆஸ்பத்திரிக்குக் கிழமைக்கு இரண்டு தரம் வந்து, அங்குள்ள கம்பிகளைப் பிடித்துப் பயிற்சி செய்தால் அவர் மறுபடி நடக்கலாம். தவறவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும். ஆஸ்பத்திரி அதிக தூரமில்லை. முச்சக்கர வண்டியில் ஒரு சின்னப் பயணம். உங்கள் மகனுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடையில்தான் நான்கு மாடிகள் இருந்தன.

"மேய்ப்பர் பார்ப்பார்" என்பீர்களே மாமி, அது எனக்கு அந்த நாட்களில் அடிக்கடி கேட்டது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றபோது அப்படித்தான் சொன்னீர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் மாற்றுடுப்பு இல்லாமல், கைக்குழந்தையான இவரைத் தோளில் போட்டுக்கொண்டு முகாமில் நின்றபோதும் அதையேதான் சொன்னீர்களாம். அந்தக் குழந்தைதான் இப்போது விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

எனக்கும் அந்தச் சொல்லுக்கும் ஒரு சிறு வழக்கு இருந்தது. நான் உங்கள் கிறிஸ்தவ வீட்டுக்கு வந்த யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் கடவுளிடம் வேல் இருந்தது, மயில் இருந்தது. ஆடு மேய்க்கும் பொறுப்பு அவருக்கு இருக்கவில்லை. "ஆடு மேய்க்கிறவர் கடைசியில அந்த ஆட்டை என்ன செய்வார் மாமி?" என்று ஒருநாள் குசினியில் வைத்துக் கேட்டேன். நீங்கள் ஆட்டிறைச்சிக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். "நல்ல மேய்ப்பர் விக்கமாட்டார். நீ உப்பைப் பார் பிள்ளை" என்றீர்கள். உப்புச் சரியாக இருந்தது. அதனால் வாதம் அங்கேயே நின்றுவிட்டது.

உதவி பல திசைகளிலிருந்து வந்தது. வெள்ளவத்தையிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்து, தங்கள் கட்டிடத்தின் லிஃப்ட் நன்றாக வேலை செய்வதாகத் தெரிவித்தாள். அந்தச் செய்தியில் அதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை. உங்கள் போதகர் நான்கு மாடியும் ஏறி வந்தார். வந்த களைப்பில் அவருக்குப் பேச்சு வரவில்லை. முதல் ஜெபம் மௌன ஜெபமாகவே நடந்து முடிந்தது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர் வாய்விட்டுச் செய்த ஜெபங்களைவிட அது மேலானது.

முதல் பயிற்சி நாள் தவறியது. இரண்டாவதும் தவறியது. அன்று மத்தியானம் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த ஊரில் எந்தக் கந்தோருக்குப் போனாலும் யாருடைய ஆள் என்று சொல்லாமல் காரியம் நடக்காது. ஆகவே உங்கள் மேய்ப்பரிடம் நானும் அந்த முறைப்படியே தொடங்கினேன். "உங்களுக்கு என்னைத் தெரியாதாயிருக்கும். நான் ஞானத்தின்ர மருமகள். அவவை உங்களுக்கு நல்லாத் தெரியும். அவவின்ர மகன் மேல கிடக்கிறார். லிஃப்டைத் திருத்தித் தாங்கோ." அவ்வளவுதான். ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் பெயர் அங்கே எவ்வளவு செல்லும் என்று எனக்கு அப்போது தெரியாது.

லிஃப்ட் திருத்தப்படவில்லை.

அடுத்த நாள் முருகதாஸ் வந்தார். உங்கள் மகன் கணக்குப் பார்க்கும் அச்சகத்தில் இயந்திரத்தில் நிற்பவர், ஜிந்துப்பிட்டிக்காரர். இரண்டு செவ்விளநீரோடு வந்து, கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னாக்கா, அண்ணன் இன்னும் படுத்தே இருக்காரு. ட்ரீட்மென்டுக்குப் போகலியா?"

"லிஃப்ட் இல்லை, முருகதாஸ்."

"லிஃப்ட் எதுக்கு? நாங்க சாமி தூக்குற ஆளுங்க. வாகனத்தோட சேத்து சாமி என்ன கனம் கனக்கும்னு தெரியுமா? அண்ணன் அதுல பாதி வரமாட்டாரு."

கட்டிலிலிருந்து உங்கள் மகன் வாயைக் கோணிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தார். "நான்… வேதக்காரன்… முருகதாஸ்."

"தோளுக்கு அதெல்லாம் தெரியாதுண்ணே" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை காலை முருகதாஸும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். எல்லோரும் ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் திருவிழாவில் சுவாமி காவுகிறவர்கள். ஒருவர் வங்கியில் வேலை செய்பவர். கழுத்துப் பட்டியோடு வந்து, அதைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். மூன்றாம் மாடி நஸீமா, "எங்கட வாப்பாட கதிரை ஈக்குது கௌரி, கை வெச்சது, நல்ல பாரம் தாங்கும்" என்று தேக்குக் கதிரையொன்றைக் கொடுத்தார். முருகதாஸ் இரண்டு நீளத் தடிகளைக் கொண்டுவந்திருந்தார். கோயிலில் எடுத்ததா என்று கேட்டேன். "ஐயோ இல்லக்கா, அது சாமிக்கு. இது பந்தல்காரர்கிட்ட கேட்டு வாங்கினது." கதிரையைத் தடிகளில் கட்டினார்கள். உங்கள் மகனைக் கதிரையில் என் பழைய சேலையால் கட்டினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

படியிறங்கும்போது ஆளை மேற்படியைப் பார்க்க வைத்து, பின்பக்கமாக இறக்குவதுதான் பாதுகாப்பு. அப்படித்தான் எனக்குப் பட்டது. இவர்களோ அவரை முன்னால் பார்க்க வைத்துத்தான் இறக்குவோம் என்று நின்றார்கள். "சாமி முதுகு காட்டிக்கிட்டு வெளிய வராதுக்கா." நான் வாதாடினேன். நால்வரும் பணிவாகக் கேட்டுவிட்டுத் தாங்கள் நினைத்தபடியே செய்தார்கள். முன்னால் போன இருவர் தடிகளைத் தலைக்கு மேல் கை நீட்டி உயர்த்திப் பிடித்தார்கள். பின்னால் வந்தவர்கள் இடுப்பளவுக்குத் தாழ்த்தினார்கள். கதிரை மட்டமாக மிதந்து இறங்கியது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் பாரம் ஒரு பக்கம் சாய்ந்தது. பின்னால் நின்ற வங்கிக்காரர் பழக்கதோஷத்தில் "அரோகரா" என்றார். மற்ற மூவரும் "அரோகரா" என்றார்கள். படிக்கட்டு முழுவதும் எதிரொலித்தது.

இரண்டாம் மாடிக் கதவு படாரென்று திறந்தது. மனோன்மணி அன்ரியை நினைவிருக்கிறதல்லவா, ஞாயிறு காலையில் உங்கள் வானொலி ஆராதனையைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்புபவர். தெருவில் சுவாமி ஊர்வலம் வந்தால் வாசலில் தட்டோடு நிற்பது அவருடைய வழக்கம். தேங்காய், வாழைப்பழம், எரியும் கற்பூரம் எல்லாவற்றோடும் வெளியே ஓடிவந்தார். "இண்டைக்குச் சாமி வருதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், என் சேலையால் கட்டப்பட்டிருந்த உங்கள் மகனைக் கண்டார்.

கற்பூரம் மட்டும் எரிந்தது.

"கொளுத்தினது கொளுத்தியாச்சு" என்றார் அன்ரி. "இனி அணைக்கேலாது." தட்டை உயர்த்தி உங்கள் மகனுக்கு ஒழுங்காக மூன்று முறை சுற்றிக் காட்டினார்.

உங்கள் மகன் கலவரத்தோடு என்னைப் பார்த்தார். "நான்… என்ன… செய்ய?"

"ஒண்டும் செய்யவேண்டாம், பேசாமல் இருங்கோ" என்றேன். "சாமி அப்பிடித்தான் இருக்கும்."

அப்போது அவர் சிரித்தார் மாமி. விழுந்த நாளுக்குப் பிறகு முதல் முறை. முகத்தில் பாதிதான் சிரித்தது. எனக்கு அது போதுமாயிருந்தது. நால்வரும் தடிகளைக் கீழே இறக்காமலே சிரித்ததில் கதிரையும் சேர்ந்து குலுங்கியது.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அது வழக்கமாகிவிட்டது. அன்ரி நேரத்துக்குத் தட்டோடு காத்திருந்தார். தவறாக ஏற்றிய கற்பூரத்தை, தவறு என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல், தொடர்ந்து ஏற்றினார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள் அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தப் பிள்ளையை நடக்க வை அப்பனே" என்று முணுமுணுப்பது கேட்டது. அவர் அதை யாரிடம் கேட்டார், அது யார் காதில் விழுந்தது என்பதை உங்களிடம் கேட்கலாமென்று வைத்திருக்கிறேன்.

எல்லாம் சிரிப்பாகப் போகவில்லை. வாரங்கள் போயின, கால் அசையவில்லை. கம்பிகளுக்கு நடுவில் அவரை நிறுத்துவார்கள்; விட்டால் சரிவார். ஒரு வெள்ளிக்கிழமை, மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவர் கதிரையில் ஏற மறுத்துவிட்டார். "காணும்… விடுங்கோ. எனக்கு… நம்பிக்கையில்லை" என்று சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். நம்பிக்கை நம் வீட்டில் உங்கள் இலாகா. நீங்கள் போனபின் அது நிரப்பப்படவில்லை.

முருகதாஸ் ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். "அண்ணே, திருவிழான்னா மழ பெஞ்சாலும் சாமி வெளிய வந்தாகணும். உங்களுக்கு நம்பிக்க இல்லாட்டி பரவால்ல. கண்ண மூடிக்கிட்டு சும்மா ஒக்காருங்க. தூக்குறது நாங்கதானே."

உங்கள் மகன் சுவரிலிருந்து திரும்பினார். பிறகு இடக்கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டே போனார். மூடிக்கொண்டே திரும்பி வந்தார்.

மேய்ப்பரை நம்புவது என்று நீங்கள் வாழ்நாளெல்லாம் சொன்னது இதைத்தானா மாமி? நான் அதை ஏதோ பெரிய மனவலிமை என்று எண்ணியிருந்தேன், உங்களுக்கு வாய்த்தது, எனக்கு வாய்க்காதது என்று. கதிரையில் ஏறி உட்கார்ந்தால் போதுமென்று ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை? அல்லது நீங்கள் சொல்லி, நான் உப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேனா?

நாட்காட்டிப் படங்களில் மேய்ப்பர் தனியாக வருவார்; வெள்ளை அங்கி, ஒரு கோல், கழுத்தைச் சுற்றி ஒரு ஆட்டுக்குட்டி. அப்படி ஒருவர் நமது படிக்கட்டில் வந்திருந்தால் செயலாளர் உள்ளே விட்டிருக்கமாட்டார். அவர் ஆள் அனுப்பினார். கதிரையை முஸ்லிம் வீட்டில் எடுத்தார், தோள்களைச் சைவக் கோயிலில் எடுத்தார், சேலையை என்னிடம் எடுத்தார். உங்கள் மேய்ப்பருக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை பேரைத் தெரிந்திருக்கிறது. இதை நான் நையாண்டியாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பார்த்தேன், நையாண்டி வரவில்லை.

கொஞ்ச நாளில், கம்பிகளுக்கு நடுவில் பெருவிரல் அசைந்தது. பயிற்சி கொடுக்கும் சிங்களப் பிள்ளை, "அங்கிள், பலன்ன, பலன்ன" என்று தரையில் குந்திக்கொண்டு அந்த விரலைக் காட்டினாள். பார்க்கத்தான் சொன்னாள், நாங்கள் இருவரும் கண்ணீர் மறைத்ததில் சரியாகப் பார்க்கவில்லை. அதன் பின் பாதம். அதன் பின் முழங்கால். ஒரு நாள் கம்பியை விட்டுவிட்டு இரண்டடி.

போன மாதம் லிஃப்டின் பாகம் வந்து சேர்ந்தது. நான் கேட்டதையும் கொடுத்துவிட்டார், பாருங்கள், வரிசைப்படி. நிர்வாகக் குழு றிபன் கட்டி, பலகாரம் வைத்து, உங்கள் மகனை முதற் பயணியாக அழைத்தது. கட்டிடம் முழுவதும் கீழே கூடியிருந்தது. உங்கள் போதகர் வந்திருந்தார். நால்வரும் வந்திருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று தடி கட்டிய கதிரையோடு. செயலாளர் கத்தரிக்கோலை நீட்டினார். உங்கள் மகன் அதை வலக்கையால் வாங்கினார். விரல்கள் நடுங்கின, நேரம் எடுத்தது, றிபன் அறுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் லிஃப்ட் கதவைத் திறந்து, "வாங்கோ ரஞ்சன்" என்றார்.

"நீங்கள் போங்கோ" என்றார் உங்கள் மகன். "நான் இப்பிடி வாறன்."

படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, முதற் படியில் கால் வைத்தார். வலக்கால், மாமி. நான் ஒரு படி பின்னால் போனேன், பிடிக்காமல். எனக்குப் பின்னால் முருகதாஸும் மற்ற மூவரும் வெறுங் கதிரையைத் தூக்கிக்கொண்டு, அதே முறைப்படி, மட்டமாக ஏந்தி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கட்டிடம் வந்தது. புது லிஃப்ட் கீழே கதவைத் திறந்துகொண்டு காலியாக நின்றது. மூன்றாம் மாடியில் அவர் நின்று மூச்சு வாங்கினார். ஒருவரும் உதவப் போகவில்லை; முருகதாஸ் கண்ணால் தடுத்து வைத்திருந்தார். பிறகு ஏறினார். நான்காம் மாடியில் நம் வீட்டுக் கதவில் அவருடைய வலக்கை பட்டதும், கீழேயிருந்து மேல்வரை எல்லோரும் சேர்ந்து "அரோகரா" என்றார்கள். போதகரும் சொன்னார். நான் என் காதால் கேட்டேன். உங்கள் மகன் "அல்லேலூயா" என்றார். எந்தப் பக்கமும் குறை வைக்கவில்லை.

டொக்டர் இரத்த அழுத்தத்தைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொரு முறை வராது என்று அவர் உறுதி தரவில்லை, நானும் கேட்கவில்லை. வந்தால் வரட்டும். அன்றைக்கும் ஆள் அனுப்பப்படும் என்பது எனக்குத் தெரியும். நம்புகிறேன் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். தெரியும் என்று வந்துவிட்டது, அதை அடித்துத் திருத்தவில்லை.

வரும் ஞாயிறு உங்கள் மகனைக் கனத்தை மயானத்துக்கு அழைத்து வருகிறேன். வாசலில் இறங்கி உங்கள் கல்லறை வரைக்கும் நடந்தே வருவார். அவர் என்ன சொல்வாரோ அது உங்கள் இருவருக்கும் உள்ளது. அவர் முடித்த பிறகு நான் முன்னால் வந்து, உங்கள் மேய்ப்பருக்கு நன்றி சொல்வேன். மனதுக்குள் அல்ல. வாய்விட்டு, பக்கத்துக் கல்லறைக்காரருக்கும் கேட்கும்படி. இது வாக்கு.

உங்கள் மகனின் மனைவியாக வந்து, உங்கள் பிள்ளையாகவே ஆகிவிட்ட மருமகள்,
கௌரி