பத்து இஞ்ச் ஊஃபருக்கு ஒரு பெட்டி

ஜூன் 4

ஊஃபர், அதாவது பாட்டின் தாழ்ந்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், பார்க்கக் கடைக்குப் போனவன், பார்த்துவிட்டு மட்டும் வந்திருக்கலாம். விஷயம் தெரிந்தவன் மாதிரி ஒன்றின் நடுவில் இருந்த குமிழை விரலால் அழுத்தினேன். உள்ளே போனது. திரும்பி வரவில்லை. கடைக்காரர், "அண்ணே, அது காலிங் பெல் இல்லண்ணே" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்ய? அமுக்கினவன்தானே வாங்க வேண்டும். என் முதல் ஊஃபரை இப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். பதினைந்து இஞ்ச்.

மனைவி அதைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள். "ஏங்க, இத வச்சிட்டு நாம எங்க உக்கார்றது?"

ஜூன் 5

எதற்கு எனக்கு இந்த வேலை? எழுதிப் பார்த்தாலாவது புரிகிறதா பார்ப்போம்.

கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. மகளின் அப்பா தன் கையால் செய்தவை. அவர் இறந்துபோய் நாலு வருடம். நான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாதம். (மனைவியின் மகள். என் நோட்டு, என் இஷ்டம், மகள் என்றே எழுதுவேன்.) சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் அவள் அதில்தான் பாட்டுக் கேட்கிறாள். என்னிடம் மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் இதுவரை என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு போன் வந்தால் எதிரே வந்து நிற்பாள். நான் நிமிரும்வரை நிற்பாள். "போன்" என்பாள். அவ்வளவுதான்.

ஸ்பீக்கர்கள் சிறியவை. பாட்டின் அடிப்பகுதி அதில் வராது. கீழே ஊஃபரைப் பெட்டியில் பொருத்தி ஒரு சப்ஊஃபர் செய்து வைத்தால் மகிழ்ந்துபோவாள், அந்த மகிழ்ச்சியில் வாய் தவறியாவது ஒரு வார்த்தை வரும் - இதுதான் என் மகா திட்டம். அங்கிள் என்றாலும் சரி. யோவ் என்றாலும் பரவாயில்லை.

ஜூன் 8

சாப்பிடும்போது விஷயத்தை எடுத்தேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அதத் தொடாதீங்க" என்றாள். தொடமாட்டேன், அடியில் தனியாக வைப்பேன் என்றேன். மூலையில் கிடந்த பதினைந்து இஞ்சைப் பார்த்தாள்.

"இவ்ளோ பெருசு போட்டா, அது ரெண்டும் கேக்கவே கேக்காது."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் கூடத் தேவலை.

அவள் அப்பாவின் குரலை அமுக்கத்தான் நான் இத்தனை பெரிதாக வாங்கி வந்தேனா? இல்லை. குமிழை அமுக்கினதால் வாங்கி வந்தேன். இதைப் போய் எப்படிச் சொல்வது? பெயிண்ட் கடைக்காரனுக்கு எதுக்குடா ஊஃபரு?

ஜூன் 9

என் பெயிண்ட் கடையில் ஒருவர் சாம்பல் நிறம் கேட்டார். கலந்து கொடுத்தேன். கத்திரிப்பூ மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார்.

ஜூன் 11

ஊஃபரைத் தூக்கிக்கொண்டு வாங்கின கடைக்கே மறுபடி போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். குமிழில் டேப்பை ஒட்டிச் சுண்டி இழுத்தார், பாதி வெளியே வந்தது. மாற்றித் தருகிறேன் என்றார். துளை வைத்த பெட்டி என்றால் சத்தம் கூடுதல், இடமும் கூடுதல், கணக்குத் தப்பினால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி குமுறும். மூடிய பெட்டி என்றால் சத்தம் குறைவு, ஆனால் அடித்த அடி அடித்த இடத்தில் நிற்கும். உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டார்.

"கூட இருக்கணும். முந்திரிக்கொட்டையா முன்னாடி வந்து நிக்கக் கூடாது."

"அப்ப பத்து இஞ்ச், மூடுன பெட்டி" என்றார். யோசிக்கவே இல்லை.

ஜூன் 13

பெட்டிக்குப் படம் போட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே 'மறந்து' வைத்திருந்தேன். மகள் தண்ணீர் குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இது உள்ளளவா, வெளியளவா?"

அளவு என்றேன்.

"பலகை தடிப்பக் கழிக்கவே இல்லையே. பெட்டி சின்னதாயிடும்."

பென்சிலை எடுத்தாள், எல்லா எண்ணையும் அடித்து எழுதினாள், போய்விட்டாள். பத்தாம் வகுப்பில் கணக்கு என்னை விட்டதா, நான் கணக்கை விட்டேனா என்று இன்றுவரை தெரியாது. யார் யாரை விட்டாலும் இழப்பு எனக்குத்தான் போலிருக்கிறது.

ஜூன் 15

பத்து இஞ்ச் ஊஃபருக்குப் பத்து இஞ்ச் வட்டம். இதில் என்ன தப்பு? அரைநாள் குனிந்து, துளி பிசகாமல் அறுத்தேன். மனைவியையும் மகளையும் கூப்பிட்டு நிறுத்தி ஊஃபரை வைத்தேன். 'தொப்'பென்று பெட்டிக்குள் போய் விழுந்தது.

பத்து இஞ்ச் என்பது விளிம்போடு சேர்த்தாம். ஓட்டை ஒன்பதேகால்தான் இருக்கணுமாம். விளிம்புதான் பலகையில் உட்காருமாம்.

மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, பொத்தியும் அடங்காமல், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பெட்டிக்குள் தலையை விட்டு ஊஃபரைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முன்னாடி இன்னொரு பலகை ஒட்டி, அதுல சரியா அறுத்துக்கலாம். இன்னும் கெட்டியாத்தான் இருக்கும். அப்பாவும் ஒரு தடவை இப்படித்தான் பண்ணாரு" என்றாள்.

அவரைப் பற்றி என் எதிரில் பேசியது இதுதான் முதல் தடவை. அவரும் ஓட்டையைப் பெரிதாக அறுத்தவர்தானா! அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றுதான் பாசம் வந்தது.

ஜூன் 19

இரண்டாவது வட்டத்தை மகள் வரைந்தாள், நான் அறுத்தேன். ஊஃபர் உட்கார்ந்தது. இடுக்கெல்லாம் பசை பூசி அடைத்தாயிற்று.

ஜூன் 21

என்ன நிறம் என்று கேட்டேன். "அதே மாதிரி" என்றாள். அந்த ஸ்பீக்கர்களின் பழுப்பு, ஜன்னல் வெயிலில் வெளுத்த பழுப்பு. எந்த டப்பாவிலும் கிடைக்காது. கடையில் ஏழு தடவை கலந்து, ஏழாவதில் பிடித்தேன். இது ஒன்றாவது எனக்கு வருகிறதே.

ஜூன் 25

பெட்டியை ஸ்பீக்கர்களுக்கு அடியில் வைத்தோம். நான் அதன் சத்தத்தைக் கூட்டினேன், அவள் குறைத்தாள். நான் கொஞ்சம் கூட்டினேன், அவள் இன்னும் குறைத்தாள். கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜூன் 28

மகளின் தோழி வந்திருந்தாள். நான் அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், கதவு திறந்தேதான் இருந்தது. புதுசா ஏதோ செஞ்சிருக்கறதா சொன்னியே, ஒண்ணும் தனியா கேக்கலையே என்றாள் தோழி. மகள் எழுந்து சப்ஊஃபரை மட்டும் நிறுத்தியிருக்க வேண்டும். பாட்டு சட்டென்று மெலிந்தது. மறுபடி போட்டாள், பாட்டுக்குக் கால் முளைத்தது.

யார் செஞ்சது என்று தோழி கேட்டாள்.

"மேல இருக்கறது அப்பா பண்ணது. கீழ இருக்கறது நாங்க ரெண்டு பேரும் பண்ணது."

அந்த ரெண்டு பேர் யாரென்று தோழி கேட்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் சட்டையின் ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டுச் சத்தத்தில் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொல்லும்மா என்று கேட்க வாய்வரை வந்தது. நன்றாகவே விழுந்திருந்தது. கேட்கவில்லை.