ஷெட்டில் ஒளித்த சம்பந்தி வண்டி

ரூசல்ஸ்ஹைம்,
ஜூன், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஸ்வென்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அதுவும் நல்லதுக்குத்தான், துணி காயப்போடுவதற்கு முன்னால் அதைக் கேட்டுக்கொள்கிறேன். உலகத்தின் அந்தக் கோடியில், வால்டிவியாவில் இப்போது குளிர்காலமாமே, நீயும் மாப்பிள்ளை தோர்பெனும் சளி காய்ச்சல் என்று படுக்காமல் தெம்பாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இங்கே ஒரே நினைப்பு. போனில் பேசினால் போதாதா என்பாய். போனில் நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார், இதையெல்லாம் அவர் காதுபட எப்படிச் சொல்வது, அதனால்தான் கடிதம். நீ கேட்டது ஒரே கேள்விதான், மார்ச்சில் அங்கே நடக்கும் உன் கல்யாணத்துக்கு அப்பா வருவாரா மாட்டாரா. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, முழுதாகப் படி, கைவலிக்க எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ தோர்பெனின் ஊர் வொல்ஃப்ஸ்பர்க் என்று சொன்னதிலிருந்து உன் அப்பா முகம் சுண்டிப்போய்த்தான் இருந்தார். பையன் மீன் ஆராய்ச்சி செய்கிறான், காருக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவன் அப்பா அந்த ஊரில் இருக்கும் போட்டிக் கார்க் கம்பெனியில் காலமெல்லாம் வேலை பார்த்தவராமே, அது போதும் அவருக்கு. உலகத்தில் எத்தனையோ ஊர் இருக்க, போயும் போயும் பெயரிலேயே ஓநாய் இருக்கும் அந்த ஊரா என்று ஒரே புலம்பல். நாற்பது வருஷம் நம் ஊர் ஓப்பெல் கார்க் கம்பெனியில் கதவு பொருத்திய மனுஷன், வீட்டுக் கதவு ஒழுங்காகச் சாத்தவில்லை என்றால் மாதக்கணக்கில் கண்டும் காணாமல் இருப்பார், ஆனால் கம்பெனிப் பெயரை யாராவது லேசாகச் சொல்லிவிட்டால் துள்ளி எழுந்துவிடுவார். உனக்கே தெரியும், நீ சின்னவளாக இருந்தபோது தொழிலாளிகளுக்கான தள்ளுபடியில் வருஷத்துக்கு ஒரு புதுக் கார் வாங்குவதும் வருஷம் முடிந்ததும் விற்பதுமாக இருந்தோம், பள்ளிக்கூட வாசலில் உன்னை அழைக்க வந்தால் நம் வண்டி எது என்று தெரியாமல் நீ முழிப்பாய். வருஷாவருஷம் வண்டி மாறியது, அவருடைய பழைய ஓப்பெல், அந்த மஞ்சள் மான்டா மட்டும் மாறவில்லை, அதன் ஆன்டெனாவில் கட்டிய நரிவாலும் மாறவில்லை.

அந்த நரிவாலுக்காகப் பள்ளிக்கூடத்தில் நீ கேலிப்பட்டது எனக்கு மறக்கவில்லை. மான்டா ஓட்டுகிறவன் மண்டு, முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவான், அவன் காதலி சலூனில் முடி வெட்டுகிறவளாக இருப்பாள் என்று நாடே ஜோக்கடித்துச் சிரித்த காலம். நான் நிஜமாகவே முடி வெட்டுகிறவள், உன் அப்பா நிஜமாகவே முழங்கையை நீட்டுகிறவர், என்ன செய்வது. சலூனில் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஜோக்கையே என்னிடம் சொன்னவர்கள் உண்டு, நானும் கூடவே சிரித்துவிட்டுக் காதுக்கு மேலே கொஞ்சம் அதிகமாகவே வெட்டி அனுப்பியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை தோர்பெனின் அப்பா ஹின்ரிக்கும் அம்மா ஹைட்ரூனும் நம் வீட்டுக்கு வந்தார்கள். நான்தான் அழைத்தேன், உன் அப்பாவிடம் கேட்டுவிட்டு அல்ல, சொல்லிவிட்டு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மைன் ஆற்றங்கரையில் நம் ஊர்ப் பழைய ஓப்பெல்களின் ஊர்வலம், இந்த வருஷம் உன் அப்பாவின் மான்டாதான் முதல் வண்டி, அந்தப் பெருமையில் கொஞ்சம் இளகியிருப்பார் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் வந்து இறங்கியதைப் பார்த்தால், ஸ்வென்யா, சிவப்பு கோல்ஃப், அந்தப் போட்டிக் கம்பெனி வண்டியேதான். அதுவும் புதுசு இல்லை, எண்பதுகளில் நெடுஞ்சாலையில் மான்டாவோடு போட்டி போட்டதே அதே ரகம், தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார் மனுஷன். நம் தெருவில் வேறு கம்பெனி வண்டியில் விருந்தாளி வந்தால் மரியாதையாக அடுத்த தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வருவார்கள் என்பது உனக்குத் தெரியும். பாவம் இவர்களுக்கு என்ன தெரியும், நேரே நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். உன் அப்பா தெருவை மேலும் கீழும் பார்த்தார், ஓடிப்போய் மான்டாவை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்தார், ஆலங்கட்டி மழை வரும்போல இருக்கிறது, விருந்தாளி வண்டிதான் உள்ளே நிற்க வேண்டும் என்று கோல்ஃபை உள்ளே விடச் சொல்லிக் கதவைச் சாத்தினார், கதவுக்கு முன்னால் மான்டாவைக் குறுக்கே நிறுத்தினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சாப்பாட்டு அறை ஜன்னலிலிருந்து ஹின்ரிக்குக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மான்டாவின் பார்க்கிங் லைட்டையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மனுஷர்களை எல்லாரும் முகத்தைப் பார்த்து எடைபோடுவார்கள், நான் பிடரியைப் பார்ப்பேன். ஹின்ரிக்குக்குப் பிடரி சுத்தமாக, நேர்க்கோடாக வெட்டியிருந்தது, ஹைட்ரூனே வீட்டில் வெட்டிவிடுகிறாளாம், பெண்டாட்டியிடம் கழுத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்த ஆள் மோசமாக இருக்க மாட்டார் என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் பாக்கெட்டைப் பிரித்து அவர் நீட்டிய அன்பளிப்பு என்ன தெரியுமா, அவர்கள் கார்க் கம்பெனியே போடுகிற சாசேஜ், காருக்கு ஸ்பேர் பார்ட் நம்பர் போடுகிற மாதிரி அதற்கும் நம்பர் போட்டிருக்கிறது. உன் அப்பா அதை இரண்டு விரலால் வாங்கி மேஜையில் வைத்தார். நான் ஏழு கீரையும் போட்டுப் பச்சை சாஸ், முட்டை, உருளைக்கிழங்கு செய்திருந்தேன், ஆப்பிள் ஒயின் ஜாடி நிறைய.

இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் உன் அப்பா ஆதியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். ஆடம் ஓப்பெல் பாரிஸுக்குப் போய்த் தையல் மெஷின் கற்றுக்கொண்டு வந்தது, மாமாவின் மாட்டுக்கொட்டகையில் தொழில் தொடங்கியது, சைக்கிள் ஓட்டப்போய்த் தான் விழுந்தாலும் பிள்ளைகள் ஐந்து பேரும் பந்தயத்தில் ஜெயித்ததைப் பார்த்துச் சைக்கிளும் செய்தது, அவர் போன பிறகு விதவை சோஃபியும் பிள்ளைகளும் துணிந்து கார் தொழிலில் இறங்கியது, எல்லாம் நேரில் இருந்து பார்த்தவர் மாதிரி. ஹின்ரிக் கரண்டியில் பச்சை சாஸை எடுத்துப் பார்த்தபடி, மரத்தவளை என்று ஒரு பச்சை வண்டி விட்டீர்களே, பிரெஞ்சுக்காரர்கள் மஞ்சளில் விட்டதைப் பார்த்துச் செய்ததாகச் சொல்கிறார்களே என்று மெதுவாகக் கேட்டார். கேஸ் போட்டார்கள், தோற்றார்கள் என்றார் உன் அப்பா. அதற்கு ஹின்ரிக் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கேஸ்ல தோத்தாங்க சரி. ஆனா மாட்டுக்கொட்டகைல ஆரம்பிச்சத அமெரிக்காக்காரன்கிட்ட வித்து, கடைசில கேஸ் போட்ட பிரெஞ்சுக்காரன் வீட்டுக்கே மருமகளா போயிட்டீங்களே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, நாப்கினை வாயில் வைத்துக்கொண்டு இருமினேன். உன் அப்பா காது சிவந்துபோய், எங்கள் கம்பெனி காரோடு நிறுத்திக்கொண்டது, கறிக்கடை வைக்கவில்லை, நீங்கள் வருஷத்துக்குக் காரைவிடச் சாசேஜ்தான் அதிகம் விற்கிறீர்களாமே என்றார். தையல் மெஷினும் சைக்கிளும் அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயிற்று. பிறகு எங்கள் ஊர் கம்பெனிக்கு முன்னாலிருந்தே இருக்கிறது, உங்கள் ஊரே கம்பெனிக்காகக் கட்டினது, யார் கட்டினது தெரியுமா என்று ஆரம்பிக்கப் போனார், மேஜைக்கடியில் ஒரு மிதி மிதித்தேன். அந்த நாஜிக் காலத்தை எடுத்தால் நம் ஊர்க் கம்பெனி உட்பட ஒருவரும் நிமிர்ந்து உட்கார முடியாது, அது சாப்பாட்டு மேஜைச் சண்டைக்கான விஷயமும் இல்லை. ஹைட்ரூன் உன் சின்ன வயதுப் போட்டோவைக் கேட்டாள், நான் எழுந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ஆல்பத்தை எடுத்து வந்தேன். ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு அந்தச் சாசேஜையே மென்றார்கள், உன் அப்பா மூன்று சாப்பிட்டார்.

மறுநாள் காலை உன் அப்பா தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக மான்டாவில் ஏறிச் சாவியைத் திருகினால் ஒரு முனகல்கூட இல்லை. லைட் இரவு முழுக்க எரிந்து பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. கம்பெனி மேல் குற்றமில்லை, குற்றமெல்லாம் ஓட்டுநருடையது, நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் உதவி கேட்கலாம் என்று ஓடினார், அவர் வண்டி இல்லை, எதிர் வீட்டிலும் இல்லை, தெருவில் இருந்த அத்தனை ஓப்பெலும் விடிந்ததுமே ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. முதல் வண்டி இல்லாமல் ஊர்வலம் கிளம்பாது, கிளம்பாவிட்டால் உன் அப்பாவின் மானம் கப்பலேறிவிடும். தெருவில் மிச்சம் இருந்த ஒரே வண்டி நம் ஷெட்டுக்குள்ளே இருந்தது. ஹின்ரிக் கோட்டைக் கழற்றினார், நான் ஸ்டியரிங் பிடிக்க அவரும் உன் அப்பாவும் மான்டாவைக் கதவை விட்டுத் தள்ளினார்கள், தள்ளியதில் ஸ்டார்ட் ஆகுமோ என்று பார்த்தோம், இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஷெட் கதவைத் திறந்தோம். எந்த வண்டி யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒளித்து வைத்தாரோ, அது பட்டப்பகலில் வெளியே வந்து, ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள் பார்க்க, மான்டாவோடு மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. ஹின்ரிக் தன் டிக்கியிலிருந்து வயரை எடுத்து இரண்டு பேட்டரிக்கும் போட்டார். வயரைப் பிடித்தபடி உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மான்டா உறுமியது. நான் கை தட்டினேன், வேறு யாரும் தட்டவில்லை.

வழியில் மறுபடி நின்றுவிட்டால் என்ன செய்வது, கோல்ஃப் பின்னாலேயே வந்தாக வேண்டும். அப்போதுதான் உன் அப்பா ஒரு காரியம் செய்தார். நம் ஆன்டெனாவிலிருந்து நரிவாலை அவிழ்த்து, வால் இல்லாத வண்டியை உள்ளே விடமாட்டார்கள் என்று முனகிக்கொண்டே கோல்ஃபின் ஆன்டெனாவில் கட்டினார். முடிச்சு விழவில்லை, ஹின்ரிக் ஒரு விரலை வைத்து அழுத்திக் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆற்றங்கரை வாசலில் டெட்லெஃப் நின்றுகொண்டிருந்தார், உன் அப்பாவோடு அந்தக் காலத்தில் ஒரே வரிசையில் வேலை பார்த்தாரே அவர்தான், வாயாடி. மான்டாவை உள்ளே விட்டுவிட்டுக் கோல்ஃபைக் கை காட்டி நிறுத்தினார். சுற்றி நம் ஊரே நிற்கிறது.

"என்னய்யா ஃபோல்க்மார், வாலக் கட்டிட்டா ஓநாய் நரியாயிடுமா? யார் வண்டி இது, இங்க எதுக்கு வருது?"

உன் அப்பா வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். முழங்கையை வெளியே வைத்தார். நான் பக்கத்தில் இருக்கிறேன்.

"என் சம்பந்தி வண்டி. அது உள்ள வரலேன்னா நானும் வரல."

டெட்லெஃப் கோல்ஃபையும் வாலையும் இன்னொரு தரம் பார்த்தார். நகர்ந்து வழி விட்டார். முதல் வண்டி மான்டா, இரண்டாவது வண்டி வாலாட்டிக்கொண்டு கோல்ஃப், மற்ற ஓப்பெல்கள் எல்லாம் அதற்குப் பின்னால். திரும்பி வந்ததும் உன் அப்பா மான்டாவை ஷெட்டில் விட்டார், கோல்ஃபை வாசலில், தெருவைப் பார்த்து நிறுத்தச் சொன்னார். அவர்கள் நேற்றுக் கிளம்பும்போது வாலைத் திருப்பிக் கொடுத்தார்கள், இவர் வாங்கிக்கொள்ளவில்லை, கல்யாணத்துக்குக் கொண்டு வாருங்கள், அங்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார். போதுமா, வருகிறார். நேற்றே சூட்கேஸை இறக்கித் தூசி தட்டிவிட்டார்.

இனி நீ செய்ய வேண்டியது, நேரத்துக்குச் சாப்பிடு, கல்யாணத்துக்கு முன்னால் அங்கே யாரிடமும் முடியைக் கொடுக்காதே, நான் வந்து வெட்டிவிடுகிறேன். மாப்பிள்ளை பிடரியையும் பார்க்க வேண்டும். நீங்கள் ஒரு ஜப்பான் வண்டி வைத்திருக்கிறீர்கள் என்று எனக்கு எழுதினாய், நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நாங்கள் வரும்போது அதை மரியாதையாக அடுத்த தெருவில் நிறுத்திவை. நீங்கள் இருவரும் நூறு வருஷம் சண்டை போட்டுச் சமாதானமாகி நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. சனிக்கிழமை நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன் என்று மேலே எழுதினேனே, இழுக்கும்போது மான்டாவின் லைட் எரிவதைப் பார்த்துக்கொண்டேதான் இழுத்தேன்.

உன் அம்மா,
ரோஸ்வித்தா