பிள்ளையின் கார் சத்தம்

ஏங்க,

சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. நான் தையல் கடைக்குப் போகிறேன், பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன்.

வெல்டர் அண்ணன் வருவார். டிராக்டரில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்க அவர் செய்துகொடுத்த தகட்டின் போல்ட்டுகளை, ஓட்டிப் பார்த்தபின் மறுபடி இறுக்க வேண்டுமாம். அதற்கு முன் வண்டியை வயலில் இறக்காதீர்கள்.

டிராக்டரின் பழைய இன்ஜின் தேறாது என்று மெக்கானிக் கைவிரித்ததும், காய்ச்சலில் போன நம் பிள்ளையின் காரிலிருந்து இன்ஜினைக் கழற்றிப் பூட்டினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அவன மறுபடியும் சாகடிச்சுட்டீங்க" என்று நானும் கத்திவிட்டேன். அன்றிலிருந்து நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்று கொட்டகையில் அதை ஸ்டார்ட் செய்தீர்கள். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டு இருமல், பிறகு அதே சத்தம். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே, சோப்புக் கையோடு ஓடி வெளிக்கதவைத் திறந்துவிட்டேன். அவன் வேலை முடிந்து வரும்போதெல்லாம் திறப்பேனே, அப்படி. தெரு காலியாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிட்டீர்கள். அணைத்திருக்க வேண்டாம்.

காரின் கூட்டை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். சீட்டில் அவன் துண்டு இன்னும் கிடக்கிறது.

(எழுத இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.) சாயங்காலம் டிராக்டரில் திரும்பும்போது ஹாரன் அடிக்காதீர்கள். சத்தம் கேட்டாலே போதும், கதவை நான் வந்து திறக்கிறேன்.