ஓட்டு வீடு

மார்ச் 4, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி மறுபடியும் காலி. தலையில் நுரையோடு நிற்கும்போதா தீர வேண்டும்? குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி அலசிக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.

டயாலிசிஸ் பிரிவில் இன்று என் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவார். ஊசி ஏற்றும்போது வலி தெரியாமலிருக்க எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

"ஏம்மா, சொந்த வீடா, வாடகையா?"

"சொந்தம்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு வெள்ளை வண்டி நிக்குதே, அதுதான். சமையல், படுக்கை எல்லாம் உள்ளேயே."

"அப்போ ஓட்டு வீடுன்னு சொல்லுங்க. ஓட்டிக்கிட்டுப் போற வீடு!"

பிரிவே சிரித்தது. நானும்தான். சாயங்காலம் கதவைச் சாத்தியதும் இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஊரில் இருக்கும் என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமாம். "அப்புறம் பேசறேன்" என்றார். பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. தெருமுனைக் கடையில் "ஒரு பால் பாக்கெட்" என்று கேட்டபோதுதான், காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று தெரிந்தது. குரல் கரகரவென்று வந்தது, யாருடையதோ மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இந்தப் பிரிவை மூடாமல் இருந்திருந்தால்? யோசித்து என்ன பயன். ஆள் பற்றாத இடங்களுக்கு நாலைந்து மாத வேலை. இது மூன்றாவது ஊர். அவ்வளவு குறைந்த காலத்துக்கு, தனியாக வரும் பெண்ணுக்கு யார் அறை கொடுக்கிறார்கள்? அலைந்து சலித்துத்தான் இந்தப் பழைய வண்டியை வாங்கினோம். அவர்தான் அலமாரியெல்லாம் பொருத்திக் கொடுத்தார். "இதுல நீ ராணி மாதிரி இருக்கலாம்" என்றார்.

ராணிதான். குடிமக்கள்தான் இல்லை.

இன்றைய போன்: சாப்டியா? சாப்டேன். நீங்க? ஆச்சு. கடை? ஓடுது. பையன் பேசினானா? கப்பல்ல சிக்னல் இல்லபோல. சரி, வெச்சிடறேன்.

நேற்றும் இதே. முந்தாநாளும் இதே.

ஏப்ரல் 3, வியாழன்

காய்ச்சல்.

ஏப்ரல் 5, சனி

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. வேலைக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பியதோடு சரி, அப்படியே கிடந்தேன். எழுந்து தண்ணீர் எடுக்கக்கூடத் தெம்பில்லை. நேற்று மத்தியானம் யாரோ கதவைத் தட்டு தட்டென்று தட்டினார்கள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்யும் அக்கா. அந்தப் பிரிவின் ஜன்னலுக்கு நேரே என் வண்டி.

"ரெண்டு நாளா திரை திறக்கலையே. உயிரோட இருக்கியான்னு பாக்க வந்தேன்" என்றாள், மூடி மறைக்காமல்.

நெற்றியில் ஈரத்துணி போட்டாள். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து அவர் கூப்பிட, அவளே எடுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

போனை நான் வாங்கியதும், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? ஒரு பகல் பூரா பயணம் பண்ணணும்."

"சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அக்கா போன பிறகு அழுதேன். காய்ச்சலுக்காக இல்லை. நான் செத்துக் கிடந்தா முதல்ல தெரியறது பேர்கூடக் கேட்டு வெச்சுக்காத ஒருத்திக்கு — அவருக்கு இல்ல. ச்சே, என்ன எழுதறேன்.

மே 10, சனி

லீவு. விடியும் முன் கிளம்பி, பொழுது சாயும்போது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

"வந்துட்டியா? காபி போடட்டுமா?" என்று பையை வாங்கிக்கொண்டார். என் வீட்டில் எனக்கே உபசாரம்!

படுக்கையறைக்குப் போனேன். கட்டில் முழுக்க மூக்குக்கண்ணாடி ஃபிரேம் பெட்டிகள், துவைத்த துணி, பழைய குடை. என் பக்கத்தில் தலையணைகூட இல்லை.

"நாளைக்குத்தான் வருவேன்னு நெனச்சேன்" என்று அவசர அவசரமாகப் பெட்டிகளைத் தூக்கினார்.

முதுகு வலிக்கிறது, வண்டிப் படுக்கைதான் பழக்கம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிட்டேன். தடுக்கவில்லை. சொந்த வீட்டு வாசலில் அசலாள் மாதிரி வண்டியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். இரண்டு கையிலும் டம்ளரோடு, முழங்கையால் தட்டியிருக்கிறார்.

"உள்ள வரலாமா?"

எதிரெதிரே உட்கார்ந்தோம். முட்டி இடித்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

"நான் போனது உங்களுக்கு வசதியாப் போச்சுல்ல? கட்டில் பூரா கடைச் சாமான்!"

டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அந்தக் கட்டில்ல படுத்தா தூக்கம் வரல. ஹால்ல சோபாவுலதான் படுக்கறேன். கட்டில் வெறுமனே கிடந்தா பாக்க முடியல. அதான்... எதையாவது தூக்கிப் போட்டு வெச்சேன்."

"இத போன்ல சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"நீ மட்டும் காய்ச்சல சொன்னியாக்கும்."

காபி ஆறிப்போய் மேலே ஆடை படிந்துவிட்டது. இரண்டு பேரும் அதையே குடித்தோம்.

மே 15, வியாழன்

திரும்பியாயிற்று. கிளம்பும்போது டயரில் காற்றைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டே நின்றார். "நீங்களும் வாங்களேன்" — இவ்வளவுதான். நாக்கு நுனி வரை வந்தது. அவரும் அவர் தம்பியுமாகக் கட்டி எழுப்பிய கடை. அவருக்கு அது உயிர். எந்த வாயால் கேட்பது?

வழி நெடுக ரேடியோ போடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

தபால்காரருக்கு மாற்றுச் சிறுநீரகம் முடிவாகிவிட்டது. இன்றுதான் எங்கள் நாற்காலியில் கடைசி நாள். கொடுப்பது அவர் மனைவி.

"இத்தனை வருஷம் ஏன் சார் காத்திருந்தீங்க?"

"கேக்க பயம்மா. மாட்டேன்னுட்டா அப்புறம் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? போன மாசம் கேட்டுட்டேன். என்ன திட்டு தெரியுமா! முன்னாடியே ஏன் கேக்கலன்னு."

சந்தோஷமாக வழியனுப்பினேன். அவர் போனதும் இயந்திரத்தைக் கழுவும்போது கை ஓடவில்லை.

மத்தியானம், கடையில் கூட்டமிருக்கும் என்று தெரிந்தே கூப்பிட்டேன்.

"கூட்டமா இருந்தாலும் கேளுங்க. என்னால தனியா முடியல. இங்க வந்துடுங்க."

பின்னால் யாரோ விலை கேட்கும் குரல். அவர் வெளியே தெருவுக்கு வந்தது வண்டிச் சத்தத்தில் தெரிந்தது.

"கடைய விட்டுட்டு அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்?"

"தெரியல."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

சரி என்றால்? வருகிறேன் என்றா, வைக்கிறேன் என்றா?

ஜூன் 7, சனி

போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

புது ஊர், புது ஆஸ்பத்திரி. இங்கே வண்டிக்கு மர நிழல் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் காவலாளிகளின் அறை. காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து, "சார், கண்ணாடி லூசா இருக்கு", "சார், காது வலிக்குது" என்று நிற்கிறார்கள். மேஜை முழுக்க அவருடைய திருகாணியும் இடுக்கியும். ஊர்க் கடையை இப்போது அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார். என் படுக்கையில் மூன்று ஃபிரேம். கண்ணாடித் துண்டு எங்காவது கிடக்கும், செருப்பில்லாமல் நடக்காதே என்று எனக்கே அதட்டல்.

படிக்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே இடமே இல்லை.