தூளிக்கு அடியில்

நாள் 1. 07:40. செவ்வாய், வடதுருவம், துளை முகாம்.
கூடாரத்தின் மேற்புறம் 19 டிகிரி. தரையை ஒட்டி மைனஸ் 11. பனியில் துளை ஆழம் 42 மீட்டர். கோடைக்காலம், சூரியன் மறைவதில்லை.
எழுதுவது அருளப்பன், ஃபிட்டர், வயது ஐம்பத்திரண்டு, படிப்பு ஐ.டி.ஐ. முகாமில் நான் ஒருவன்தான். தினமும் குறிப்பு எழுத வேண்டும், எழுதியதை அழிக்க முடியாது என்பது விதி. என் எழுத்துப் பிழைகளுக்கு இப்படி ஒரு சாகாவரம்.
தரை முழுக்கப் பனிக்கட்டி என்பதால் கட்டில் கிடையாது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே தூளி கட்டித் தூங்குகிறேன். ஆட்டிவிடத்தான் ஆள் இல்லை.

நாள் 2. 09:15.
பெரிய மின்கலம் செத்துவிட்டது. ஹீட்டர் இல்லை. சூரியத் தகட்டில் வரும் மின்சாரம் காற்றுக்கும் ரேடியோவுக்கும்தான் போதும். விண்ணுடையில் சூடு இரண்டு மணி நேரம் நிற்கும். மேலே 12. கீழே மைனஸ் 29.
தளத்திலிருந்து செய்யது பேசினான்:
"அண்ணாச்சி, வண்டி கிளம்பிட்டு. உங்க மவ ஜெசிந்தாதான் ஓட்டுது. வேற ஆள அனுப்புதேன்னு சொன்னா கேக்க மாட்டேங்கு. பனிவெடிப்பச் சுத்தி வரணும், எட்டாம் நாள் வந்துரும்."

நாள் 3. 06:30.
தூக்கமில்லை. இரண்டு போர்வைகள் உண்டு. ஒன்றைப் போர்த்தி, தடிப்பானதை மெத்தை மாதிரி தூளிக்குள் விரித்துப் படுத்தேன். கண்ணாடிக் கூடாரம், மேலே வெயில். நெஞ்சு வியர்க்கிறது, முதுகு விறைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வெந்த தோசை மாதிரி இருக்கிறேன். செய்யதிடம் சொன்னேன்.
"அது மேலயா படுத்தீங்க? நசுக்குனா அதுல என்ன சூடு நிக்கும்? தூளிக்கு வெளிய, அடியில தொங்க விடணும் அண்ணாச்சி. புஸ்ஸுன்னு இருக்கணும். அந்தப் பயிற்சியன்னைக்கு எங்க போனீய?"
"முன்வரிசையிலதாம்ல இருந்தேன். தூங்கிட்டேன்."

நாள் 3. 18:20.
அடியில் தொங்கவிட்டேன். அரை மணியில் முதுகுக்கு உயிர் வந்தது. ஏழு மணி நேரம் தூங்கினேன்.

நாள் 4. 10:05.
மூச்சின் ஈரமெல்லாம் கீழே இறங்கி அந்தப் போர்வையில் பனியாகப் படிந்திருக்கிறது. தூக்கினால் ஈரச் சாக்கு. முதுகு மறுபடி விறைக்கிறது. வெளியே நல்ல வெயில். விண்ணுடை மாட்டிக்கொண்டு போய், போர்வையைத் துளைக்கருவியின் கம்பியில் காயப்போட்டு வரப் போகிறேன்.

நாள் 4. 11:30.
பனி பறந்துவிட்டது. அதுவரை சரி. பிறகு போர்வை பூரி மாதிரி உப்பியது. அதன் பஞ்சு பஞ்சு அல்ல, காற்றடைத்த சின்னச் சின்ன அறைகள். வெளியே காற்று பேருக்குத்தான் என்பதால் ஒன்றுவிடாமல் வெடித்துக் கிழிந்தன. கையில் இருப்பது இப்போது வேட்டி கனத்தில் ஒரு துணி.
இங்கே காற்று இல்லாத மாதிரிதான் என்று ஒன்பது வருடமாக எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் வெயிலடித்தால் மெத்தையைத் தூக்கிப் போய் மொட்டை மாடியில் போடுவோம். வெயிலைப் பார்த்ததும் கை பாட்டுக்கு அதைச் செய்துவிட்டது. செய்யதிடம் சொல்லவில்லை.

நாள் 4. 20:00.
மாற்று உடை, காலிப் பைகள், சாப்பாட்டு உறைகள் எல்லாவற்றையும் தூளிக்கு அடியில் கட்டினேன். போதவில்லை. மெல்லிய போர்வையையும் அடியில் தொங்கவிட்டுப் பார்த்தேன், குளிர் அப்படியே ஏறுகிறது, எடுத்துத் திரும்பப் போர்த்திக்கொண்டேன். தூளியை உயர்த்தலாம் என்றால் கம்பத்தில் அதற்கு மேல் கொக்கி இல்லை. நின்றால் தலை சூடாகிறது, கால் மரத்துப் போகிறது. கீழே மைனஸ் 38.

நாள் 5. 08:10.
வண்டியிலிருந்து ஜெசிந்தா:
"எப்பா, தூளிக்கு அடியில சூடா இருக்கா? உண்மையச் சொல்லுங்க. இல்லன்னா வெடிப்பு வழியா நேரா வாரேன். நாளைக்கு மத்தியானம் அங்க இருப்பேன்."
போன கோடையில் அந்த வெடிப்பில் ஒரு வண்டி இறங்கியது. உள்ளே இரண்டு பேர். தேடிய குழுவில் நானும் இருந்தேன். ஒரு கையுறை கிடைத்தது.
"கதகதன்னு இருக்கு பிள்ள. தூங்கித் தூங்கி மூஞ்சி வீங்கிட்டு. சுத்தியே வா."
"பொய் சொன்னா உங்க காது செவக்கும், எனக்குத் தெரியும்."
"ரேடியோல காது எங்க தெரியுது? ரோட்டப் பாத்து ஓட்டு."
"இங்க ரோடு எங்கப்பா இருக்கு."
சிரித்தாள். சுற்று வழியிலேயே வருகிறாள்.
காது சிவக்க வேண்டுமென்றால் ரத்தம் அதுவரை போக வேண்டும். அது இப்போது அவ்வளவு தூரம் போவதில்லை.

நாள் 6. 13:25.
கீழே மைனஸ் 41. இடது கையில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. பயிற்சியில் தூங்குவதற்கு முன் கேட்ட ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது: குளிரில் சாகிறவனுக்குக் கடைசியில் நடுக்கம் நின்று புழுங்குமாம், சட்டையைக் கழற்றுவானாம். பேசினால் பல் தந்தியடிப்பது கேட்கும் என்பதால் ரேடியோ கெட்டுப்போனது மாதிரி விட்டுவிட்டுப் பேசுகிறேன். நடிப்பில் நான் இவ்வளவு தேறுவேன் என்று நினைக்கவில்லை.
இந்தக் குறிப்பை முதலில் எடுக்கப் போவது அவள்தான் என்று இன்றுதான் உறைத்தது. அழிக்கவும் முடியாது. ஜெசிந்தா, ஐந்தாம் நாளைப் படிக்காதே என்று எழுதினால் அதைத்தான் முதலில் படிப்பாய். படித்துக்கொள். நீ கேட்டாய், நான் பொய் சொன்னேன். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இதில் உன் தப்பு ஒன்றுமில்லை. மெத்தை காயப்போட்டவன் நான்.

நாள் 7.
மணி தெரியவில்லை. கண்ணாடியில் பனி.
நடுக்கம் நின்றுவிட்டது. முதுகு சூடாக இருக்கிறது. பொய் இல்லை, நிஜமாகவே. அடியில் யாரோ அடுப்பு மூட்டின மாதிரி.
போர்வையைத் தள்ளிவிட்டேன். புழுக்கம். சட்டைப் பொத்தான் வரவில்லை, பல்லால் இழுத்தேன்
ரேடியோவில் கூப்பிடுகிறாள் எப்பா எப்பா என்று. பதில் சொல்ல வேண்டும். பொத்தானைக் கழற்றிவிட்டு
பிள்ள இப்ப நல்ல சூடு நீ மெதுவாவே